குடை அக்கா

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டது என் தப்புதான். அந்த ஓட்டலில் வேலை செய்தவர்கள் யாருக்கும் சட்டையில் பெயர் இருக்காது, படம் இருக்கும். வட்டமான தகர வில்லை, அதில் ஏதாவது ஒரு பொருள். வாசலில் நின்றவருக்கு மாம்பழம். கவுன்டரில் இருந்த பெண்ணுக்குக் கத்தரிக்கோல். மேனேஜருக்கு மீன். நாலாவது மாடி அறைகளைச் சுத்தம் செய்கிற அக்காவுக்குக் குடை. "கெஸ்ட்டுக்குப் பேரு ஞாபகம் இருக்காதாம், படம்னா இருக்குமாம்" என்று அவரே விளக்கினார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

ஞாபகம் இருக்கத்தான் செய்கிறது. போன மாதம் அந்த ஓட்டலுக்குப் போன் செய்து, "நாலாவது மாடி குடை அக்கா இருக்காங்களா?" என்று கேட்டேன். மூன்று வருடம் கழித்துக் கேட்கிறேன். "குடை இருக்காங்க மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் எடுத்தவள். லைனில் வந்தது இருபது வயதுக் குரல், இந்தி கலந்த ஆங்கிலம். குடை வில்லை இப்போது அவளிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் அதைக் குத்தியிருந்தவர் யார், எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. "பழைய குடை, தமிழ் பேசுவாங்க, மூக்குல தழும்பு இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே கேவலமாக இருந்தது. வைத்துவிட்டேன்.

அந்த ஓட்டலைப் பிடித்தது என் தம்பி. வெளிநாட்டில் இருந்துகொண்டே இங்கே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன். "அக்கா, நீயும் வீடு, ஆபீஸ், அம்மான்னு செக்கு சுத்தற. அம்மாவக் கூட்டிக்கிட்டு பெங்களூர்ல மூணு நாள் இருந்துட்டு வா. சூப்பர் எடமா புக் பண்றேன்" என்றான். காட்பாடியில் காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாடு பெங்களூரில். நான் சரி என்றதற்குக் காரணம் ஊர் சுற்றும் ஆசை இல்லை. அம்மாவை ஒரு புது இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரில் பாதிப் பேருடைய பழைய நம்பர் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு இரண்டு தடவை கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தாள். ஒரு நாள் கோயிலுக்குப் போனவள் வேறு வாசல் வழியாக வெளியே வந்து, வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் பூக்கடை ஓரமாக நின்றிருக்கிறாள். பூக்காரம்மாதான் எனக்குப் போன் செய்தார். நரம்பு டாக்டரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கி, அந்தச் சீட்டைக் கைப்பையில் வைத்திருந்தேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை, தம்பிக்கும் சொல்லவில்லை. மூன்று நாள் தெரியாத இடத்தில் அம்மா தடுமாறாமல் இருந்துவிட்டால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று மனசுக்குள் ஒரு பந்தயம். பைத்தியக்காரத்தனம்தான், அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

ஓட்டல் தொம்மலூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு காலத்தில் குடோனாம். உள்ளே எந்தப் பொருளும் அந்தப் பொருள் மாதிரி இருக்காது. கவுன்டர் என்பது ஒரு பழைய பஸ்ஸின் முன்பாதி. லிஃப்ட்டில் நம்பர் கிடையாது, கலர்தான். நாலாவது மாடிக்கு ஊதாவை அழுத்த வேண்டும். அறைக்கும் நம்பர் இல்லை, கதவில் ஓவியம். எங்களுக்கு நத்தை. "நத்தை ரூமா? குடை வந்து காட்டுவாங்க மேடம்" என்று கத்தரிக்கோல் பெண் சொன்னபோதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வயசானவர்களும் வருவார்கள் என்று இதைக் கட்டினவனுக்குத் தோன்றாதா?

அங்கேயே, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், லிஃப்ட்டைப் பற்றி ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன். என் பழக்கம் அது. பால் பாக்கெட் ஓட்டையாக வந்தாலும் உட்கார்ந்து எழுதுவேன். ஆபீஸில் எனக்கு மனு மகாராணி என்று பட்டப்பெயர் உண்டு, என் காதுபடவே சொல்வார்கள். நான் எழுதிக் கொடுத்ததை லிஃப்ட் பக்கத்தில் துணி வண்டியோடு நின்ற ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குடை அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். குள்ளம். கறுப்பு யூனிஃபார்ம், நெற்றியில் மிளகளவு கறுப்புப் பொட்டு, மூக்குத் தண்டின் மேல் ஒரு பழைய தழும்பு. அவரிடம் முதலில் கண்ணில் படுவது நடைதான். எங்கே போனாலும் வலது கையைக் கொஞ்சம் மடக்கி முன்னால் நீட்டிக்கொண்டுதான் போவார். ஆளில்லாத நடைபாதையிலும் அப்படித்தான். திறந்து கிடக்கிற வாசலில் நின்று, காற்றை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வருவார்.

எங்கள் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "தமிழாம்மா நீங்க? நல்லதாப் போச்சு. எனக்கு வூடு இங்க நீலசந்திரா ஏரியால. வாங்க, இது கொஞ்சம் வெனை புடிச்ச ரூமு. ஒண்ணொண்ணா காட்டறேன்."

காட்டினார். சுவரில் ஒட்டிய மரப் பட்டைகளில் ஒன்றுதான் சுவிட்ச். அலமாரிக் கதவும் சுவர் மாதிரியே இருந்தது, எங்கே தள்ள வேண்டும் என்று கட்டினவனுக்கே மறந்திருக்கும். குழாய் ஒரு கூழாங்கல், அதைத் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும்விட அந்தக் கண்ணாடி. கட்டிலுக்கும் ஜன்னலோர சோபாவுக்கும் நடுவே தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடித் தடுப்பு. ஓரத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. துடைத்துத் துடைத்து, அங்கே ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது.

அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். "இங்க கண்ணாடி இருக்குது. கைய வெச்சுப் பாத்துக்கோங்க. சில்லுனு இருக்குதா? இப்போ இந்த ஓரமா போங்க. இன்னொரு வாட்டி."

மூன்று தரம் நடக்கவைத்தார். அம்மா சிரித்துக்கொண்டே நடந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தர் பார்த்த மாத்திரத்திலேயே அம்மாவிடம் எதையோ கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்தேன்.

"போதும்கா. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். சென்ட்ரல் கவர்மென்ட்ல இருந்தவங்க" என்றேன். எதற்கு அதைச் சொன்னேனோ.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லதுங்க மேடம். இருந்தாலும் கைய வெச்சுப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, கையை முன்னால் நீட்டிக்கொண்டு வெளியே போனார்.

அன்று முழுக்க நடைபாதையில் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கன்னடம், தமிழ், உருது, அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாவற்றிலும் ஒரே சேதிதான். பக்கத்து அறைக்கு ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்தான், முதுகில் அவனைவிடப் பெரிய மூட்டை. "சார், கிளாஸ். டச், டச்" என்று அவன் கையையும் பிடித்து வைத்தார். அவன் என்னவோ சாமி கும்பிடுகிற முறை என்று நினைத்துக்கொண்டு இரண்டு கையையும் வைத்துக் குனிந்தான். அம்மா கதவிடுக்கில் நின்று பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். காபி கொண்டுவந்தால் "கொதிக்குது, மொதல்ல கோப்பையத் தொட்டுப் பாருங்க." மழை பெய்தால் "கீழ கல்லு வழுக்கும்." இத்தனை பயத்தை இந்தப் பெண்மணி எப்படிச் சுமக்கிறார் என்று நினைத்தேன். என் பயத்தை நான் எப்படிச் சுமந்தேன் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அல்சூர் ஏரிப் பக்கம் போனோம். அம்மா அப்படியொரு தெளிவாக இருந்தாள். வந்த வழியைச் சரியாகச் சொன்னாள். ஆட்டோக்காரரிடம் அரைகுறைக் கன்னடம் பேசினாள். ஏரிக்கரைக் கம்பியைத் தொட்டு "டச், டச்" என்று குடை அக்கா மாதிரியே பேசிக் காட்டினாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கைப்பையைத் திறந்து அந்தச் சீட்டைப் பார்த்தேன். கிழிக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று மூடினேன்.

மறுநாள் காலையில் அம்மா குளிக்கப் போனாள். நான் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தேன், திரைச்சீலைகூட விலக்கவில்லை. அரை வெளிச்சத்தில், எதிரே இருந்த கண்ணாடித் தடுப்பில் ஒரு புள்ளி தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஸ்டிக்கர் பொட்டு. சரியாக அம்மாவின் கண் உயரத்தில்.

எங்கள் வீடுகளில் பொட்டு கண்ணாடியில் இருப்பது அதிசயம் இல்லை. குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்து முகம் பார்க்கிற கண்ணாடி ஓரத்தில் ஒட்டுவதுதான், பிறகு மறந்துவிடுவதுதான். இங்கேயும் முகம் பார்க்கிற கண்ணாடியில் அம்மாவின் பொட்டு ஒன்று இருந்தது. ஆனால் தடுப்பில் எதற்கு? திரும்பினால் சுவிட்ச் பட்டையில் ஒன்று. அலமாரிக் கதவில் ஒன்று. கை கழுவுகிற இடத்தில் அந்தக் கூழாங்கல்லின் மேல் ஒன்று.

நான் தூங்கிய பிறகு அம்மா எழுந்து அறை முழுக்கப் பொட்டு ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள், அவ்வளவுதான், இனிமேல் டாக்டரிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று முடிவே செய்துவிட்டேன். அழுகையும் கோபமுமாக, முகம் பார்க்கிற கண்ணாடியில் இருந்ததையும் சேர்த்து, ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்தேன். ஒரு டிஷ்யூ பேப்பரில் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். அவற்றை ஒரு தடவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். தடுப்பு அருகே நின்றாள். "ஏண்டி, இங்க பொட்டு இருந்துச்சே?"

"என்ன பொட்டு? ஒண்ணும் இல்லையே."

"இங்கதான்டி. நேத்து பாத்தேன்."

"இல்லம்மா. பொட்டெல்லாம் எதுவும் இல்ல. கனவு கினவு கண்டிருப்ப."

அம்மா என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். டிபன் சாப்பிடும்போது பேசவில்லை. லால்பாக்கில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மரத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாள். பாரு, ஆரம்பித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அறைக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டு. நான் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ஏதோ யோசனையோடு ஜன்னல் பக்கம் நேராக நடந்தாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பலாப்பழம் கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம். அம்மா கத்தக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூக்கிலிருந்து ரத்தம், இடது புருவத்துக்கு மேலே கிழிந்து அதிலிருந்தும் ரத்தம்.

நான் கத்தினேனோ என்னவோ, குடை அக்கா ஓடிவந்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவருக்கு ஓடியது. அம்மாவின் தலையை முன்னால் குனியவைத்து மூக்கைப் பிடித்தார். ஓட்டலின் வெள்ளை டவலில் ஐஸைச் சுருட்டிப் புருவத்தில் அழுத்தினார். "ஒண்ணும் இல்லம்மா, வாயால மூச்சு விடுங்க, நான் இருக்கேன்." சொல்லிக்கொண்டே நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"பொட்டு எங்க?" என்றார்.

அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன். "ஆட்டோ, ஆட்டோ" என்று கத்திக்கொண்டு அம்மாவைத் தூக்கினேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக். எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். புருவத்தில் இரண்டு தையல். உள்ளே தையல் போடும்போது வெளியே உட்கார்ந்திருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து, ஓட்டலின் புகார்ப் பக்கத்தைத் திறந்து எழுதினேன். கண்ணாடித் தடுப்பில் எந்த அடையாளமும் இல்லை. அறையைக் காட்டிய ஊழியர் எதையும் எச்சரிக்கவில்லை. ஊழியர் யார் என்று கேட்டது, வரிசையாகப் படங்கள் வந்தன. மாம்பழம், கத்தரிக்கோல், மீன். நான் குடையைத் தொட்டேன். முதல் வாக்கியம் உண்மை, அதை உண்மையாக்கியது நான்தான். இரண்டாவது முழுப் பொய். யார் மேலாவது இதை இறக்கி வைக்காவிட்டால் எனக்கு மூச்சு முட்டியிருக்கும், அதனால் எழுதினேன். இதற்கு மேல் எனக்குச் சமாதானம் கிடையாது.

நாங்கள் திரும்பி வந்தபோது குடை அக்கா அறையில் இருந்தார். தரையில் ரத்தம் இருந்த சுவடே இல்லை. அம்மாவைப் படுக்கவைத்து, மாத்திரை கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டார். அம்மா கண்ணை மூடியதும், குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வைத்திருந்த டிஷ்யூ பேப்பரை என் முன்னால் பிரித்தார். நாலு கறுப்புப் பொட்டும் ஒரு மெரூன் பொட்டும்.

"உங்கம்மா மெரூன் வெக்கறாங்க. இது கருப்பு. கலரு பாக்கலையா?"

'மேடம்' என்று கூப்பிடுவது போய்விட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டே சொன்னார், கை மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"நான் இங்க சேந்த மொத மாசம். கையில பன்னெண்டு டவலு. வேற ரூம்ல இதே மாதிரி கண்ணாடி. நேரா போயி மோதினேன். மோதிட்டு 'சாரி சார்'னு சொன்னேன், யாரோ கெஸ்ட்டுன்னு நெனச்சு. மூக்கு ஒடஞ்சு போச்சு. எழுந்து பாத்தா, என் நெத்திப் பொட்டு கண்ணாடில ஒட்டினு இருக்குது. ரத்தத்தத் தொடச்சேன். பொட்ட சும்னே, அப்படியே வுட்டுட்டேன். அந்த ரூம்ல அப்புறம் ஒருத்தர் மோதல. மீனு சாரு பாத்துட்டு, போட்டோல அசிங்கமா வருதுன்னு எடுக்கச் சொன்னாரு. அப்பலேர்ந்து வயசானவங்க, கொழந்தைங்க வந்தா ஒட்டுவேன். அவங்க போனதும் எடுத்துருவேன். நேத்து சாயங்காலம் நீங்க வெளிய போனப்போ வந்து ஒட்டினேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"எப்படிச் சொல்றது? வந்ததும் லிஃப்ட்டுக்கே எழுதிக் குடுத்த. பொட்டுக்கு ரெண்டு வாட்டி வார்னிங் வாங்கியிருக்கேன். மூணாவது வாட்டின்னா வூட்டுக்குப் போன்னுடுவாங்க."

அம்மாதான் ஒட்டியிருப்பாள் என்று நினைத்ததை, கேஸ், கோயில் வாசல், கைப்பையில் இருக்கிற சீட்டு எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். தம்பியிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே துடைத்தவர், "எடுத்தப்புறம் அம்மா ஒண்ணும் கேக்கலையா?" என்றார்.

"கேட்டாங்க. இங்க பொட்டு இருந்துச்சேன்னாங்க. இல்லன்னுட்டேன்."

கை நின்றுவிட்டது. கெஸ்ட் அறையில் ஊழியர்கள் உட்காரக் கூடாது என்று விதி. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தூங்குகிற அம்மாவைப் பார்த்தார்.

"இருந்தத இல்லன்னா அவங்க இன்னாம்மா செய்வாங்க?"

நான் அழுதேன். அவர் சமாதானப்படுத்தவில்லை. "மூக்கு ஆறிரும், தையல் பிரிச்சுடுவாங்க. நீ அவங்ககிட்ட சொல்லிடு. பொட்டு இருந்துச்சு, நான்தான் எடுத்தேன்னு சொல்லிடு. எனக்கு சாரி கீரி ஒண்ணும் வேணாம்."

"உங்க மேலயும் எழுதிட்டேன் அக்கா. கிளினிக்ல உட்காந்து. யாரும் எச்சரிக்கலைன்னு."

"கொடைய அமுக்கினியா?"

தலையாட்டினேன். அவர் எழுந்து, விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் கவனித்தேன். தடுப்பின் நடுவில், அம்மா மோதிய இடத்தில், அம்மாவின் மெரூன் பொட்டு ஒட்டியிருந்தது. காலையில் புதிதாக வைத்துக்கொண்ட பொட்டு. குடை அக்கா அதைத் தொடாமல் சுற்றிலும் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டிவிட்டு மேனேஜர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள், கையில் டேப்லெட். அம்மாவைப் பற்றி விசாரித்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். முகம் மாறியது. "ஏனம்மா இது? மத்தே அண்டிஸித்ரா?" என்றார். திரும்பவும் ஒட்டினாயா என்று கேட்கிறார் என்பது எனக்கே விளங்கியது.

"நான் இல்ல சார். கெஸ்ட்டோடது. மோதினப்போ ஒட்டிக்கிச்சு" என்றார் குடை அக்கா.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்க கம்ப்ளெய்ன்ட் பார்த்தேன். வெரி சாரி. ஒண்ணு மட்டும் கேக்கணும். இவங்க இந்த ரூம்ல ஏதாவது ஒட்டினாங்களா?"

உண்மையைச் சொன்னால் அது மூன்றாவது தடவை. "இல்ல" என்றேன். காலையில் அம்மாவிடம் சொன்ன அதே வேகத்தில் வாயிலிருந்து வந்தது. "நான் எழுதினது தப்பு. கோபத்துல எழுதிட்டேன். இவங்க முதல் நாளே எங்கம்மா கையப் பிடிச்சு எல்லாத்தையும் காட்டினாங்க. மூணு வாட்டி நடக்க வெச்சாங்க. தப்பு என்னுது. அத அழிச்சிடுங்க, இல்லன்னா இப்பவே வேற எழுதித் தரேன்."

"அது மேல ஆபீசுக்குப் போயிடுச்சு மேடம். நீங்க எழுதிக் குடுங்க, அதையும் அனுப்பறேன்." குடை அக்காவிடம், "கீழ பன்னி" என்றார். வாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

வில்லையை நேராக்கிக்கொண்டு அவர் புறப்பட்டார். கதவு அகலத் திறந்துதான் இருந்தது. வாசலில் நின்று, கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே நீளமான மனு அது. மறுநாள் காலையில் அறைக்கு வந்தது வேறொரு பெண், வில்லையில் தேங்காய். குடை எங்கே என்று கேட்டதற்கு "ஆஃப்" என்றாள். வாரத்து லீவா, அனுப்பிவிட்டார்களா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. நீலசந்திராவில் மூக்கில் தழும்போடு ஒரு அம்மா என்று தெருத்தெருவாகப் போய்க் கேட்கவா முடியும்? பெயரைக் கேட்டிருந்தால் கேட்டிருக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டில் பாத்ரூம் சுவிட்சில், கேஸ் திருகில், அம்மாவின் மாத்திரை டப்பாவில், பால்கனிக் கதவில் கறுப்புப் பொட்டு இருக்கிறது. அட்டை அட்டையாக வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவுக்குச் சில நாள் என் பெயர் வருவதில்லை, ஆனால் பொட்டைக் கண்டால் நின்று கையை வைத்துப் பார்க்கிறாள். அதைச் சொல்லத்தான் போன மாதம் போன் செய்தேன்.

அன்று திரும்பும் ரயிலில் குப்பம் தாண்டும் வரைக்கும் எனக்கு வாய் வரவில்லை. அம்மா புருவத்தில் பிளாஸ்திரியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்த ரூம்ல பொட்டு இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். இல்லன்னு சொன்னது பொய்."

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியுமே. கருப்பு. நாலு. கண்ணாடில ஒண்ணு, சுவிட்சுல ஒண்ணு, அலமாரில ஒண்ணு, கொழாய்க் கல்லுல ஒண்ணு."

"தெரிஞ்சா ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"நீ அவ்ளோ அடிச்சு இல்லன்ன. நேத்து பாத்த பொட்டு இன்னைக்கு உனக்கு ஞாபகம் இல்லையேன்னு பக்குனு ஆயிடுச்சு. உனக்கு என்ன வயசாச்சு, நாப்பத்தஞ்சு. தம்பிகிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே நடந்தேன்டி. அதுல கண்ணாடி மறந்துபோச்சு."

அம்மா என் மோவாயைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தாள்.

"நீதான் எடுத்தன்னு உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"அப்பாடா" என்று சொல்லி, ஆரஞ்சில் பாதியை என் கையில் வைத்தாள். காட்பாடி வரைக்கும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். அவள் பெயர் போட்ட டாக்டர் சீட்டு என் மடியில் இருந்த கைப்பையில் இருந்தது.